‘முன்’ படத்துக்காரி

இந்த நாற்காலிக்கு யாராவது வருகிறார்களா? இல்லையென்றால் அந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், நான் உட்கார்ந்துகொள்கிறேன். தேங்க்யூ. நான் உட்கார நினைத்த இடம் இது இல்லை. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன். வாசலில் நின்ற வாலண்டியர் பெண் என் புடவையைப் பார்த்தாள். “வாங்க மேடம், வாங்க மேடம்” என்று கையைப் பிடிக்காத குறையாக இரண்டாவது வரிசைக்கு இழுத்து வந்துவிட்டாள். ஏதோ டிபார்ட்மென்ட் ஹெட் என்று நினைத்திருப்பாள். ஐம்பத்திரண்டு வயதில், நான் உடுத்தியிருப்பதைப் பார்த்து எனக்கு மரியாதை கொடுத்த முதல் வெளியாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மரியாதையால் இல்லை. இந்தப் புடவையால்.

நீங்கள் யாருடைய அம்மா? பொள்ளாச்சியா? பையன் மைம் பண்ணுகிறானா? அடடா. பேச்சே இல்லாத கலை. கொடுத்துவைத்தவர் நீங்கள். வீட்டிலும் அப்படித்தானா? நல்லது, நல்லது.

என் பெண் ராக் பேண்ட். அடுத்து அவர்கள்தான், திரை திறந்ததும். பாடுகிறாளா என்று கேட்காதீர்கள், எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். பாடுகிற பெண் எல்லார் வீட்டிலும் உண்டு. இவள் டிரம்ஸ். பெயர் தாரிணி, ஃபைனல் இயர் மெக்கானிக்கல். ஜூன் மாதம் ஓசூரில் வேலைக்குச் சேர்கிறாள், அப்புறம் அந்த டிரம்ஸ் செட்டைப் பழைய பெட்ஷீட் போட்டு மூட வேண்டியதுதான். ஆக, இதுதான் கடைசி மேடை. நான்கு வருஷத்தில் அவள் மேடையில் ஒரு பாட்டை முழுசாக வாசித்து நான் பார்த்ததில்லை. முதல் வருஷம் என் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். இரண்டாம் வருஷம் மழை, ஹாலுக்குள் தண்ணீர். மூன்றாம் வருஷம் வந்தேன், அதைச் சொல்கிறேன். இன்றைக்கு ஒரே ஒரு பாட்டு, முதலிலிருந்து கடைசி வரைக்கும். அதைப் பார்த்துவிட்டால் போதும். நான் வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. வராதே என்று சொல்லியிருக்கிறாள். வீட்டில் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஏன் வராதே என்றாள்? நீங்களாகக் கேட்க மாட்டீர்கள் போலிருக்கிறது. நானே சொல்கிறேன். இன்னும் ‘ஹலோ செக் செக்’தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நேரம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் குன்னூர் கான்வென்ட். என்னைப் பத்து வயதில் அங்கே ஹாஸ்டலில் சேர்த்தார்கள், ஒழுக்கம் வரும் என்று. வந்தது. கூடவே லவீனாவும் வந்தாள். லவீனா என் கட்டிலுக்கு அடுத்த கட்டில். அவள் சித்தப்பா கப்பலில் வேலை. ஒவ்வொரு லீவு முடிந்து வரும்போதும் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைப் பாவாடைக்குள் சுருட்டிக் கொண்டுவருவாள். அப்படி ஒரு வழவழப்பான தாளை அதற்கு முன் நான் தொட்டதில்லை. நாங்கள் முப்பது பேர், பத்திரிகை ஒன்று. ஹேர்பின்னால் நடுப் பின்னைக் கழற்றுவோம். ஆளுக்கு ஒரு தாள், தலையணைக்குக் கீழே ஒரு ராத்திரி, மறுநாள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடும். மாடலிங் பெண்கள், முடி வளர்த்த பாட்டுக்காரர்கள், கிட்டார் எல்லாம் கட்டில் கட்டிலாக நகரும். ஒரு தாளில் சென்ட் தடவியிருக்கும், மணிக்கட்டில் தேய்த்துக்கொள்ளலாம். என் கட்டில் கடைசி. என்னிடம் வரும்போது அதில் இருபத்தொன்பது பேருடைய தேங்காய் எண்ணெய் வாசனைதான் இருக்கும். இருந்தாலும் தேய்த்துக்கொள்வேன். பாரிஸ் இப்படித்தான் மணக்கும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் ஒரு கிட்டார்க்காரனை ஒட்டிவைத்திருந்தேன். இடுப்பு வரைக்கும் முடி, மேலே சட்டை இல்லை. சிஸ்டர் இமெல்டா பெட்டி சோதனைக்கு வந்தார். கிழித்துவிடுவார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கிழிக்கவில்லை. எடுத்துக்கொண்டு போய் மறுநாள் திருப்பிக் கொடுத்தார். நோட்டுக்குப் போடுகிற ப்ரவுன் ஷீட்டில் சட்டை வெட்டி அவன்மேல் ஒட்டியிருந்தார். காலர், பித்தான் எல்லாம் இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்தச் சட்டை அவனுக்கு நன்றாகவே இருந்தது. எனக்கு உடைமேல் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான்.

பைத்தியம் என்றால் சாதாரணப் பைத்தியம் இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது தலையைப் பெர்ம் பண்ணியிருந்தேன். பத்திரிகையில் ஒரு பாட்டுக்காரி அப்படி வைத்திருந்தாள். அவளுக்கு மேகம் மாதிரி இருந்தது, எனக்குப் பாத்திரம் தேய்க்கிற கம்பி மாதிரி வந்தது. மாமியாராக வரப்போகிறவர் என் அம்மாவிடம், “பொண்ணுக்குக் கரன்ட்டு கிரன்ட்டு அடிச்சுதுங்களா?” என்று கேட்டார். மாமனார்தான் காப்பாற்றினார். அவர்களுக்கு மோட்டார் வைண்டிங் கடை. “நம்ம காயில் மாதிரியே சுருள் சுருளா இருக்குது, ராசியான பொண்ணு” என்று அந்த இடத்திலேயே பேசி முடித்துவிட்டார். நான் மகாலட்சுமி மாதிரி இருந்தேன் என்று இந்த வீட்டுக்குள் வரவில்லை. மூன்று ஹார்ஸ்பவர் மோட்டார் மாதிரி இருந்தேன் என்று வந்தேன்.

கல்யாணத்துக்கு அப்புறம் லவீனாவும் இல்லை, கப்பலும் இல்லை. பழைய பேப்பர்க்காரர் செல்வராஜ்தான். பெரிய பங்களாக்களில் எடைக்குப் போடுகிற பளபளா பத்திரிகைகளைத் தனியாக எடுத்து எனக்கென்று வைப்பார். எல்லாம் இரண்டு வருஷம் பழசு. அதைப் பார்த்து நான் டெய்லரிடம் போவேன். ஆகவே நான் எப்போதும் உலகத்துக்கு இரண்டு வருஷம் பின்னால் இருந்தேன், கோயம்புத்தூருக்கு இரண்டு வருஷம் முன்னால் இருந்தேன். நடுவில் துணைக்கு ஒரு ஜீவன் கிடையாது. தோளில் பஞ்சு வைத்த ஜாக்கெட் போட்ட காலத்தில் பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், இடம் போதாது. தோள்பட்டையில் ஓட்டை விட்டு ஒரு பிளவுஸ் வந்ததே, அதைப் போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். பின்னால் நின்ற அம்மா ஒருத்தி ரகசியமாகக் காதில், “துணி பத்தலைன்னா சொல்லியிருக்கலாமுல்லங்க, எங்கிட்ட அதே கலர் மிச்சம் கெடக்குது” என்றாள். நல்ல மனசு. எனக்குத்தான் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

பாட்டு மட்டும் பழசாகாது. கேசட்டில் கேட்டேன், சிடியில் கேட்டேன், இப்போது போனில் கேட்கிறேன். தாரிணி வயிற்றில் இருக்கும்போதே கேட்டாள். பத்து வயதில் சாப்பாட்டு மேஜையில் இரண்டு கரண்டியை வைத்து அவள் தட்டின தட்டு இருக்கிறதே, எனக்குப் புல்லரித்துவிட்டது. வீட்டுக்காரரோடு ஒரு மாதம் சண்டை போட்டு டிரம்ஸ் வாங்கினேன். நாத்தனார் போன் பண்ணி, “பொண்ணுக்குத் தவுல் வாங்கிக் குடுத்துருக்கீங்களாமே அண்ணி, எந்தக் கோயில்ல வாசிக்கறா?” என்றாள். நான் விடவில்லை. மாடியில் போட்டு, தினமும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒன் டூ த்ரீ ஃபோர் எண்ணுவேன். எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் காது உண்டு. பன்னிரண்டு வருஷம் எண்ணியிருக்கிறேன். ஒரு நாள் விட்டதில்லை. காய்ச்சல் வந்த அன்றுகூட மாடிப்படியில் உட்கார்ந்து எண்ணினேன்.

காலேஜ் வந்து பேண்ட் சேர்ந்ததும் ப்ராக்டீஸ் எங்கள் வீட்டு மாடியில்தான். இவளைத் தவிர மூன்று பையன்கள். கிட்டார்க்காரன் பெயர் ஆஷிக், நல்ல பையன், கொஞ்சம் மெதுவாகப் புரியும். முதல் நாள் பஜ்ஜி எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஒரு இரண்டு வார்த்தைதான் பேசினேன். ஆஷிக்கின் மூன்றாவது கம்பி ஸ்ருதி இறங்கியிருக்கிறது என்றேன். பாடுகிறவன் வயிற்றிலிருந்து பாட வேண்டும் என்றேன். பிறகு சிஸ்டர் இமெல்டா ஒட்டின சட்டையைப் பற்றி, கடைசி கட்டிலைப் பற்றி, தாரிணி நான்கு வயது வரைக்கும் டிரம் சத்தம் கேட்டால்தான் பாத்ரூம் போவாள் என்பதைப் பற்றி. பத்து நிமிஷம், மிஞ்சினால் பதினைந்து. ஆஷிக் வாட்சைப் பார்த்து, “ஆன்ட்டி, ஹால் சாவியைத் திருப்பிக் குடுக்கணும்” என்றான். எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு என்ன ஹால் சாவி? அந்தக் காலத்துப் பிள்ளைகள் மாதிரி தெளிவு இல்லை இவர்களுக்கு. அடுத்த வாரத்திலிருந்து ப்ராக்டீஸ் சிங்காநல்லூரில் ஒரு நூல் குடோனுக்கு மாறிவிட்டது. அங்கே எதிரொலி நன்றாக இருக்கிறதாம். நூல் மூட்டைகளுக்கு நடுவில் என்ன எதிரொலி வரும், நீங்களே சொல்லுங்கள்.

பாருங்கள், இன்னும் ஒயரை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். சரி, போன வருஷத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் இதே ஹால். நான் முதல் வரிசை. டெனிம் ஜாக்கெட், கையில் ஊசி ஊசியாகக் குத்தின வேலைப்பாடு, முழங்கால் வரைக்கும் பூட்ஸ். மே மாத வெயிலில் பூட்ஸ் போட்டால் காலுக்குள் குழம்பு கொதிக்கும், இருந்தாலும் போட்டேன். ராக் ஷோவுக்கு வேறு எப்படிப் போவது? பாட்டு ஆரம்பித்தது. அற்புதமாக ஆரம்பித்தாள். இரண்டாவது நிமிஷம் வேகம் ஏறுகிற மாதிரி எனக்குப் பட்டது. ஒரு துளிதான். உதவி பண்ணலாமே என்று எழுந்து நின்று கைதட்டித் தாளம் காட்டினேன். அவள் பார்க்கவில்லை. “தாரு, இறங்கு, இறங்கு, ஒன் டூ த்ரீ ஃபோர்” என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவள் பார்த்தாள். கையிலிருந்த குச்சி ஒன்று எகிறிப் போய் ஆஷிக் காலடியில் விழுந்தது. அவன் நிறுத்தினான். இவன் நிறுத்தினான். பாட்டு பாதியில் நின்றேபோய்விட்டது.

ஹால் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. என் ஜாக்கெட்டைத்தான்.

வீட்டுக்குப் போகிற வழியில் காரில் அவள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். நான்தான் ஆறுதலாக, வேகம் எங்கே ஏறியது, எதனால் ஏறியது என்று காந்திபுரத்திலிருந்து வீடு வரைக்கும் விளக்கிக்கொண்டே வந்தேன்.

இந்த வருஷம் பிப்ரவரியில், தோசைக் கல்லுக்கு முன்னால் நான் நிற்கும்போது பின்னால் வந்து நின்றாள். “அம்மா, இந்த வருஷம் ஃபெஸ்ட்டுக்கு நீ வர வேணாம். ப்ளீஸ்.”

“ஏன்டி?”

“உனக்கே தெரியும்மா.”

போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். சிறுத்தைப் புள்ளி போட்ட நைட்டி, முடியில் செம்புக் கலர் பட்டை. எனக்கே தெரிந்தது.

வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பெற்ற பெண்ணே நம் உடையைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்றால், இருபத்தேழு வருஷம் நாத்தனார் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடுகிறது. ஆனால் நான் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை. மாறிக் காட்டுகிறேன் என்று முடிவு பண்ணினேன். ஒரு பத்திரிகையில் ‘புத்தம் புது நீங்கள்’ என்று ஒரு பகுதி வருகிறது. பெயர் சொல்ல மாட்டேன், வக்கீல் நோட்டீஸ் விடுவார்கள். சாதாரணப் பெண்களை வரவழைத்து, முன் படம் ஒன்று, பின் படம் ஒன்று எடுத்துப் போடுவார்கள். ஏன் மாற விரும்புகிறீர்கள் என்று ஐம்பது வார்த்தைக்குள் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நான் ஒன்பது பக்கம் எழுதினேன். கூப்பிட்டுவிட்டார்கள்.

அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டல் ரூம். சென்னையிலிருந்து ஒரு ஸ்டைலிஸ்ட் பெண், இருபத்துநான்கு வயதுதான் இருக்கும். போனிலேயே சொல்லியிருந்தாள், “ஆன்ட்டி, நார்மலா வீட்டுல எப்படி இருப்பீங்களோ அப்படியே வாங்க” என்று. கேமரா முன்னால் நிற்கப்போகிறோம், எந்தப் பொம்பளை நார்மலாகப் போவாள்? கான்வென்ட்டில் படித்தவள் போவாளா? நான்கு மணி நேரம் உடுத்தினேன். ஒற்றைத் தோள் டாப்ஸ். பளபளா பலாஸோ. ஓரமெல்லாம் தோல் குஞ்சம் தொங்குகிற ஜாக்கெட். கண்ணுக்கு மை, பூனை மாதிரி இரண்டு பக்கமும் இழுத்து. முன் படத்தையே பின் படம் மாதிரி எடுத்துவிட்டால் அவர்களுக்கு வேலை மிச்சம் என்றுகூட நினைத்தேன்.

அந்தப் பெண் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“ஆன்ட்டி, பெர்ஃபெக்ட். எதையும் தொடாதீங்க. இப்படியே நில்லுங்க.”

“அப்போ எனக்கு மேக்ஓவரே தேவையில்லைன்னு சொல்றியாம்மா?” என்றேன், சிரித்துக்கொண்டே.

“ஐயோ இல்ல ஆன்ட்டி. இதுதான் முன் படம். இவ்ளோ நல்ல முன் படம் எங்களுக்குக் கெடைச்சதே இல்ல.”

முன் படத்தில் முகம் கொஞ்சம் வாடியிருக்க வேண்டும் என்று போட்டோகிராபர் வந்ததிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தான், எனக்கு வரவில்லை. அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்த நிமிஷத்தில் க்ளிக் பண்ணினான். அருமையாக வந்துவிட்டது.

அப்புறம் என்னைக் கழுவினார்கள். முடியை வெட்டினார்கள், கலரை எடுத்தார்கள், மையைத் துடைத்தார்கள். காதில் கடுகு மாதிரி ஒரு தோடு. இந்தப் புடவை. தொட்டுப் பாருங்கள், கைத்தறி, நல்ல தறிதான், குறை சொல்ல முடியாது. சாம்பல் நிறம், கறுப்புக் கரை. கண்ணாடியில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பேங்க் மாதிரி இருந்தேன், ஷட்டர் இறக்கி.

வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரர் சோபாவிலிருந்து எழுந்து நின்றார். கடைக்கு சேல்ஸ் டேக்ஸ் ஆபீசர் வந்தால் எழுந்து நிற்பாரே, அப்படி. “உட்காருங்க மேடம்” என்றார். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். “அட, நீயா அம்மிணி. நல்லா இருக்குதே” என்றார். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவை. எத்தனை குட்டைப் பாவாடை, எத்தனை கலர் பூட்ஸ், ஒன்றுக்கும் திரும்பிப் பார்க்காத மனுஷர். அந்த வாரம் முழுக்க அவருக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை.

தாரிணி மாடியிலிருந்து இறங்கி வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள். “அம்மா, எனக்காகவா இப்படி? டிரஸ்ஸைப் பத்தி நான் எப்பவாவது உங்கிட்ட...” என்று ஆரம்பித்தாள். எனக்குத் தாங்கவில்லை. நன்றியெல்லாம் சொல்லாதே, தாய்க்கு இது கடமை என்று சொல்லி, ஹோட்டலில் நடந்தது, அந்த ஸ்டைலிஸ்ட் பெண்ணின் நகம், புடவையின் நூல் எந்த ஊர், எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் அறைக்குப் போயிருந்தாள். உணர்ச்சிவசப்பட்டிருப்பாள்.

பத்திரிகை வந்தது. பின் படம் மூலையில், தபால் தலை அளவு. முன் படம் முழுப் பக்கம். அதற்குக் கீழே, ‘ஒரே உடம்பில் நான்கு பத்தாண்டுகள்: இந்தத் தவறுகளை நீங்களும் செய்கிறீர்களா?’ என்று போட்டு, என் உடம்பில் ஏழு இடத்துக்கு அம்புக்குறி. மேப் படிக்கிற மாதிரி. நாத்தனார் ஐந்து காப்பி வாங்கினாள், சொந்தக்காரர்களுக்கு அனுப்ப. செல்வராஜ் வந்து, “அக்கா, இந்த மாசத்துது ரெண்டு வருஷம் காத்திருக்க வேணாம், இப்பவே கெடைச்சுது” என்று பெருமையாக நீட்டினார். முப்பத்தைந்து வருஷமாக அந்த வழவழப்பான தாளில் ஒரு நாள் வர வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். வந்துவிட்டேன். யாரும் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தால் தாரிணி ஹாலில் நின்று போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பத்திரிகை ஆபீசுக்கு.

“எங்கம்மா போட்டிருந்ததுல எது தப்புன்னு சொல்லுங்க. நீங்க ரெண்டு வருஷத்துக்கு முந்தி எதைப் போடச் சொன்னீங்களோ அதைத்தான் அவங்க போட்டிருக்காங்க. நீங்க மறந்துட்டீங்க, அவங்க மறக்கலை. முன்னாடி பின்னாடின்னு படம் போட அவங்க என்ன பழைய வீடா, பெயின்ட் அடிக்க?”

இது ஆரம்பம்தான். இருபது நிமிஷம் விட்டாள் பாருங்கள். எதிரில் இருந்த ஆள் ஒரு ‘மேடம்’ சொல்ல வாய் திறந்திருந்தால்கூட நடந்திருக்காது. ஒரு கமா கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது. நான் அசந்துபோய் நின்றேன். எங்கிருந்து வந்தது இந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு வாய்? அவள் அப்பா குடும்பத்தில் யாருமே அதிகம் பேச மாட்டார்கள்.

போனை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளில் தலையைச் சாய்த்தாள். அப்படிச் சாய்த்து ஆறேழு வருஷம் இருக்கும். நானும் பேசாமல் இருந்தேன், ஒரு அரை நிமிஷம்.

“நீ அந்த ஜாக்கெட்டையே போடும்மா. எனக்கு அதுதான் பிடிக்கும்” என்றாள். “ஆனா வெள்ளிக்கிழமை ஃபெஸ்ட்டுக்கு வராதே.”

“நான் புடவை கட்டிட்டு வர்றேன்டி.”

“எதைக் கட்டிட்டு வந்தாலும் வேணாம்மா. நீ இருந்தா, நான் மனசுக்குள்ள எண்ணுறது எனக்கே கேக்கறதில்ல.”

இதைக் கேட்டதும் எனக்குப் பகீர் என்றது. பன்னிரண்டு வருஷம் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண். காது போய்விட்டதோ என்று மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து டெஸ்ட் எல்லாம் எடுத்தார். காது பிரமாதமாக இருக்கிறது என்றார். அவள் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டு வந்தாள். சிரித்தாளா, அழுதாளா, சரியாகத் தெரியவில்லை. ஆக மொத்தம் காரணம் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஜாக்கெட் பிடிக்கும் என்கிறாள், வராதே என்கிறாள். வெட்கம்தான், வேறென்ன. என் மனசு நோகக் கூடாது என்று மாற்றிச் சொல்லியிருப்பாள். அதனால்தான் இந்தச் சாம்பல் புடவையிலேயே வந்தேன். கூட்டத்தில் பார்த்தால்கூட யாரோ டீச்சர் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

ஆ, லைட்டை அணைத்துவிட்டார்கள். திரை திறக்கிறது. அதோ, நடுவில், கறுப்பு டீ-ஷர்ட். அவள்தான். தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருக்கிறாள், நல்ல வேளை, நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஸ்டூல் ஒரு அங்குலம் உயரம் அதிகம். முதுகு வலிக்கும் அவளுக்கு. ஆஷிக் மெலிந்துவிட்டான். சாப்பிடுகிறானோ இல்லையோ.

பின்னால் யார் ‘ஷ்’ என்கிறார்கள்? பாருங்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஹாலில் எப்படி உட்கார வேண்டும் என்று ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எங்கள் கான்வென்ட்டில் கச்சேரி என்றால் ஊசி விழுந்தால் கேட்கும்.

குச்சியைத் தூக்கிவிட்டாள். இப்போது பாருங்கள். இதோ. ஏன் இறக்கிவிட்டாள்? இந்தப் பக்கம் பார்க்கிறாள். இல்லை, தெரிந்திருக்காது, வெளிச்சம் முழுக்க அவள் கண்ணில் அடிக்கிறது. நாம் இருட்டில் இருக்கிறோம், இந்தப் புடவையில் நான் இன்னொரு நாற்காலி மாதிரிதான் இருப்பேன். முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். போதுமா? மறுபடியும் தூக்கிவிட்டாள். அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆஷிக் அவளைப் பார்க்கிறான். பாடுகிறவன் அவளைப் பார்க்கிறான். ஹாலில் ஒருத்தர் மூச்சுவிடவில்லை. ஒயரில் ஏதாவது கோளாறா? எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள்? நீங்கள் ஏன் என் கையைப் பிடிக்கிறீர்கள்?

என்ன சொன்னீர்கள்?

“உங்களுக்காகத்தானுங்க.” எனக்காகவா? இருட்டில் என் புடவையே தெரியாதே அவளுக்கு. முகமும் தெரியாது. அப்புறம் எப்படி நான்தான் என்று...

ஓ.

உடை இல்லையா.

அப்படியென்றால், நான் நிறுத்தினால் ஆரம்பித்துவிடுவாளா? சரி. நிறுத்திவிட்டேன். நான் நிறுத்திவிட்டேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

வேண்டாம் இல்லையா. சொல்ல வேண்டாம். புரிந்தது.